மூன்று வாள்களில் எதை எடுப்பது?

மாஸ்டர் வீட்டு விறாந்தையில் நீள வாங்கின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து, மூன்று வாள்களையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்.

“தம்பி, மகள் கனடாவுக்கு வரச் சொல்லி ஒரே கரைச்சல். இதுகளைக் கொண்டு போக ஏலாது. உமக்கு ஒண்டு தரலாம் எண்டு நினைக்கிறன். நான் வாங்கின விலைக்கே எடும். எது எண்டு யோசிச்சு ஒரு கிழமைக்குள்ள சொல்லும்.”

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர் அவர். ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பழைய சாமான் சேர்ப்பவர். நான் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்புவும் அப்பாவும் செய்த அதே கொத்துவேலைதான், உளியால் உலோகத்தில் கோலம் வெட்டுவதுதான், எனக்கும். ஒரு வாளைப் பார்த்தால் அதன் கூரை விட, பிடியிலும் அலகிலும் இருக்கிற வேலைப்பாடுதான் முதலில் என் கண்ணில் படும். அந்த ஒரு கிழமையும் நான் பார்த்ததையும் யோசித்ததையும் எழுதி வைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊர் வீட்டை விற்கிறார்கள், பரணில் இருந்து இப்படி ஏதாவது இறங்குகிறது, உடனே பட்டறைக்குக் கொண்டு வந்து “இதை மினுக்கித் தாங்கோ” என்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு விசயம். பிரித்தானியப் படையில் சாதாரணச் சிப்பாயின் வாள் அரசாங்கம் கொடுப்பது. அதில் அலங்காரம் இருக்காது, முத்திரையும் இலக்கமும் மட்டும் இருக்கும். அதிகாரி தன் வாளைத் தன் காசில் கடையில் வாங்க வேண்டும். நீளம், வளைவு, கைக்காவலின் வடிவம் எல்லாம் கட்டளையில் இருக்கும்; இன்ன வருடத்து ‘மாதிரி’ என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அலகில் எவ்வளவு கோலம், எவ்வளவு பொன், தன் பெயரின் எழுத்து போடுவதா விடுவதா என்பதெல்லாம் அவருடைய மடியின் கனத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு அதிகாரி வாள்கள் ஒன்று போல இருப்பதில்லை. தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

வேட்டியில் இடப்பக்கம் கிடந்தது சிங்கத் தலை வாள். யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் தூக்குவார்கள். நானும் அதைத்தான் தூக்கினேன்.

இது 1803இல் வந்த காலாட்படை அதிகாரி மாதிரி. காலாட்படையின் தனிப் பிரிவுகளான கிரனேடியர் கம்பனியின் அதிகாரிகளும் இலகு கம்பனியின் அதிகாரிகளும் கட்டியது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1795இல்; அதற்கு எட்டு வருடம் கழித்து வந்த வாள். அலகு வளைந்திருக்கும். பிடியின் உச்சிக் குமிழ் ஒரு சிங்கத் தலை, அதன் பிடரி மயிர் அப்படியே பிடியின் முதுகு வழியாக வழிந்து இறங்கும். விரல்களைக் காக்கும் பித்தளை வளைவில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி, ஆர் என்ற இரண்டு எழுத்தும் பின்னிக் கிடக்கும். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை அது. எழுத்தைச் சுற்றியுள்ள இடமெல்லாம் துளைத்து எடுத்திருப்பதால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். இலகு கம்பனிக்காரர் என்றால் மேலே ஒரு கொம்பு வாத்தியம், கிரனேடியர் என்றால் தீப்பிடித்த குண்டு. மாஸ்டரின் வாளில் கொம்பு.

கைப்பிடி திருக்கைத் தோல். குருநகர்க் கரையில் திருக்கையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்புத் தெரியும். வியர்த்த கையும் வழுக்காது. அதன் மேல் முறுக்கிய கம்பியைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள்.

இந்தக் காலத்து வாள்களின் பெரிய அழகு அலகில்தான். பிடியில் இருந்து ஏறத்தாழப் பாதி அலகு வரை ஆழ்ந்த நீலம், அந்த நீலத்தின் மேல் பொன்னில் கிரீடம், கொடி, ஆயுதக் குவியல், இலைக்கொடி. நீலம் என்பது சாயம் அல்ல. உருக்கைச் சூடாக்கும்போது முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், பிறகு மண்ணிறம், பிறகு ஊதா, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம். நாங்கள் சித்திர உளிக்குப் பதம் வைக்கும்போது வைக்கோல் மஞ்சளிலேயே நிறுத்தித் தண்ணீரில் போட்டுவிடுவோம். நீலம் வந்துவிட்டால் அந்த உளி வெட்டாது, திரும்பவும் தொடக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். எங்களுக்குக் கெட்டுப் போனதன் அடையாளமான அதே நிறத்தை அங்கே அழகுக்கென்று வரவழைத்திருக்கிறார்கள். முழங்கை நீள அலகில் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே நீலம் வர வேண்டும் என்றால் அந்த உலைக்காரனின் கண் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பொன், பாதரசத்தில் கரைத்துப் பூசியது. பூசிச் சூடு காட்டினால் இரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியை மூச்சில் இழுத்துத்தான் அந்தத் தொழிலாளிகள் உடம்பு கெட்டார்கள். மின்சாரத்தில் முலாம் பூசுவது 1840இல் எல்கிங்டன் உரிமம் பெற்ற பிறகு பரவியது. ஆகவே 1803 மாதிரி வாளில் மின்முலாம் இருந்தால் அது பிற்காலத்து வேலை.

மாஸ்டரின் வாள் தகதகவென்று இருந்தது. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியைப் போட்டுக் கைக்காவலின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். இருநூறு வருடத்தில் விழுந்த கீறல்கள், சிறு அடிகள், எல்லாவற்றுக்குள்ளும் பொன் இருந்தது. பழைய முலாம் என்றால் கீறலுக்குள் பித்தளை தெரிய வேண்டும், ஏனென்றால் கீறல்தான் பொன்னை எடுத்துக்கொண்டு போனது. கீறலுக்குள்ளும் பொன் நின்றால், கீறல் விழுந்த பிறகுதான் பொன் ஏறியிருக்கிறது. பழைய பொருள் வாங்கும் எவருக்கும் நான் சொல்லிக் கொடுக்கக்கூடிய மிக எளிய சோதனை இது. ஒரு கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அப்புறம் சிங்கத்தைப் பார்த்தேன். பிடரி மயிரின் கோடுகளைத் தேய்ந்த இடங்களில் யாரோ மறுபடி வெட்டியிருந்தார்கள். கோடு மெல்லிதாக நுழைந்து, வெளியேறும் இடத்தில் ஆழமாகி, இடப்பக்கம் சரிந்து முடிந்தது. என் கை நின்றுவிட்டது. அப்பா இடக்கைக்காரர். அவர் வெட்டிய கோட்டை நான் ஆயிரம் காப்பில் பார்த்திருக்கிறேன்.

“ஓம், உம்மட அப்பாதான்” என்றார் மாஸ்டர். “தமிழாராய்ச்சி மாநாடு நடந்த வருசம். மங்கிப் போச்செண்டு குடுத்தனான். வெகு வடிவாச் செய்து தந்தவர். அலகையும் மினுக்கித் தந்தவர்.”

1974. அந்த மினுக்கலில்தான் நீலம் போயிருக்கிறது. நீலப் படலம் அவ்வளவு மெல்லிசு, அரத்தாள் நாலு இழுப்பு இழுத்தாலே போதும். கைக்காவல் அலகை மூடியிருக்கும் இடுக்கில் மட்டும் அரை விரல் அகலத்துக்கு ஒரு நீலக் கீற்றும், அதில் ஒரு பொன் இலையின் நுனியும் தப்பியிருந்தன. அந்த இலை நுனியைப் பார்த்தால்தான் மீதி எப்படி இருந்திருக்கும் என்று விளங்குகிறது. அலகின் முதுகில் எழுத்து மிக மங்கலாக இருந்தது. சாய்த்துப் பிடித்து வாசித்தோம்: ஜே. ஜே. ருங்கல், சோலிங்கன். ஜேர்மனியின் சோலிங்கனில் அடித்த அலகுகளை லண்டனுக்கு இறக்கி விற்றவர் அவர். அந்த இறக்குமதி 1808 அளவில் முடிந்தது. இன்னும் இரண்டு முறை மினுக்கியிருந்தால் அந்தப் பெயரும் போயிருக்கும், வாளின் காலத்தைச் சொல்ல வேறு சாட்சி இருந்திருக்காது.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் பட்டறைக்கு வருகிற பழையதைப் புதிதாக்கிக் கொடுப்பதுதான் கைகாரனுக்கு மரியாதை. அவர் வேலை சுத்தமான வேலை. ஆனால் வாளில் இப்போது இருப்பது 1803இன் சிங்கம் முழுதாக அல்ல. பாதி அது, பாதி என் அப்பா.

வலப்பக்கத்து வாள் பார்வைக்குப் பாவமாக இருந்தது. மாஸ்டரே அதைக் கடைசியில்தான் வைத்தார். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, அவர் அதைக் கிரீசில் தோய்த்து, சைக்கிள் ரியூப்பால் சுற்றி, ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் அடைத்து மாட்டுக் கொட்டிலுக்குள் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து எடுத்த பிறகு துடைக்கவே இல்லை. கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது.

இதன் கைக்காவல் வேறு மாதிரி. பித்தளைக் கம்பிகள் வளைந்து கையை அரைக் கூடை போல மூடும். அந்தக் கம்பிகளின் வளைவு பழைய தேவாலயச் சாளரத்தின் கூர்வளைவைப் போல இருப்பதால் இதைக் கோதிக் பிடி என்கிறார்கள். 1822இல் இந்த வடிவம் வந்தது. 1845இல் அலகை மாற்றி, நடுவே அகலமான பள்ளம் ஓடும், லண்டன் வாள் கடையான வில்கின்சனின் அலகைக் கொண்டு வந்தார்கள், முப்பத்திரண்டரை அங்குல நீளம். 1895இல் பித்தளைக் கைக்காவல் போய் உருக்குக் கைக்காவல் வந்தது. கம்பிகளின் நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் கிரீடமும் வீ, ஆர் எழுத்தும். விக்டோரியா மகாராணி. கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமாகத் தொய்ந்திருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம். 1901க்குப் பிறகு மன்னர்களின் கிரீடம் உருண்டு மேலெழும். இது தொய்ந்த கிரீடம். பழைய கோதிக் பிடிகளில் உட்பக்கம் மடக்கி வைக்க ஒரு சிறு தகடு இருக்கும், 1854க்குப் பின் அதை விட்டுவிட்டார்கள். இதில் தகடு இல்லை. ஆகவே தாளில் ஒரு வார்த்தையும் இல்லாமலே காலம் 1854க்கும் 1895க்கும் இடையில் வந்து நிற்கிறது.

மாஸ்டரிடம் கேட்டுவிட்டு, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு அலகில் ஒரு சாண் இடத்தை மட்டும் மெல்ல ஒற்றினேன். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலாவது பஞ்சில் சாம்பல் நிறத்தில் ஒரு கொடி வந்தது. பிறகு கொடி பிரிந்து இலையானது, இலைக்கு நரம்பு வந்தது. அரை மணித்தியாலத்தில் கிரீடம், எழுத்து, அதற்குக் கீழே ஒரு சிறு கட்டத்துக்குள் மூன்று முதலெழுத்துகள். வாங்கியவரின் பெயர். மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அவர் வீட்டிலேயே இருந்த எழுத்தை அன்றைக்குத்தான் அவரும் பார்க்கிறார்.

இந்தக் கோலம் உளியால் வெட்டியது அல்ல, திராவகம் தின்றது. அலகில் மெழுகு போன்ற ஒரு பூச்சைப் பூசி, அதைக் கீறிக் கோலத்தைத் திறந்து, திராவகம் விடுவார்கள். திறந்த இடத்தை அது அரிக்கும். கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் சுலபம்: உளிக் கோட்டின் அடி கூர்ந்து, ஓரம் மினுங்கும். திராவகக் கோட்டின் அடி தட்டையாக, மணல் தூவியது போல இருக்கும். நீலமும் பொன்னும் வழக்கொழிந்த பிறகு விக்டோரியா காலத்து அலகுகளுக்கு இதுதான் அலங்காரம். நீலப்பொன்னின் பக்கத்தில் வைத்தால் இது அடக்கமானது, சாம்பலில் சாம்பல். ஆனால் அதன் ஆழம் தலைமயிர் அளவுகூட இல்லை. ஒரு முறை மினுக்குகிற பவ் சக்கரத்தில் பிடித்தால் இலை நரம்பு போகும், இரண்டாம் முறை எழுத்து போகும். இந்த வாளில் நரம்பு உட்பட எல்லாம் நின்றது. யாரும் அதை அழகாக்க நினைக்காததால் தப்பியது.

பிடியோடு ஒட்டிய அடியலகில் இரண்டு முக்கோணங்கள் பின்னிய நட்சத்திரம், அதன் நடுவே பதித்த சிறு மஞ்சள் வில்லை. வில்கின்சன் கடையின் சோதனை முத்திரை அது. முதுகில் ஐந்து இலக்க எண். இது மிகப் பெரிய விசயம். அந்தக் கடை 1850களில் இருந்து தான் சோதித்த அலகுகளுக்கு எண் போட்டுப் புத்தகத்தில் பதிந்து வந்தது, அந்தப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. எண்ணைக் கொண்டு, அலகு எந்த வருடம் சோதிக்கப்பட்டது, பல வேளைகளில் யார் வாங்கினார் என்பது வரை தேடலாம். அலகில் உள்ள மூன்று எழுத்தையும் அந்தப் பதிவையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்கலாம். சிங்கத் தலை வாளுக்கு இந்த வசதி இல்லை.

குறைகளும் இருந்தன. கைப்பிடியின் கம்பி இரண்டு சுற்று அறுந்து போயிருந்தது. திருக்கைத் தோல் ஓரத்தில் சுருங்கிப் பிளந்திருந்தது. நுனியில் கறள். உறை இல்லை. கைக்காவலின் பொன் பெரும்பாலும் தேய்ந்து, கம்பிகளின் உட்பக்கத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. கை படும் இடத்தில் தேய்ந்து, படாத இடத்தில் நிற்கிறது. எனக்கு அது சரியான தேய்வாகத்தான் பட்டது.

நடுவில் வைத்திருந்தது முதலியார் வாள். அதைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் அதை ஒப்பீட்டுக்குள் வைப்பது பிழை என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இது படை அதிகாரியின் வாள் அல்ல. கஸ்தானே என்ற தென்னிலங்கை மரபைச் சேர்ந்தது. நாட்டின் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பதும் இந்த வாளைத்தான். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் முதலியார்கள் என்ற உள்ளூர் நிருவாக அதிகாரிகள் பதவியின் அடையாளமாக இடுப்பில் கட்டியது. அலகு கட்டையானது. பிடி முழுக்க வெள்ளி, குமிழில் வாய் பிளந்த சிங்கம், கைக்காவலின் நுனிகளில் சிறு மகரத் தலைகள்.

இரண்டு சிங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தது எனக்குக் கிடைத்த பாக்கியம். ஆங்கிலச் சிங்கம் வாயை மூடிக்கொண்டு முகத்தை இறுக்கி நிற்கிறது. அதை வார்த்து எடுத்துப் பிறகு உளியால் ஒழுங்கு பண்ணியிருக்கிறார்கள், எல்லா மயிரும் ஒரு திசையில் போகிறது. இந்தச் சிங்கத்துக்குப் பல்லும் நாக்கும் தெரிகிறது, கண் வெளியே தள்ளி நிற்கிறது. எங்கள் கோயில் வாகனத்துச் சிங்கத்துக்கும் யாளிக்கும் இது கிட்டிய சொந்தம். வெள்ளித் தகட்டைப் பின்னால் இருந்து தள்ளி, முன்னால் இருந்து ஒதுக்கி எழுப்பிய வேலை. ஒரு கன்னச் சுருளை மட்டும் நான் கால் மணித்தியாலம் பார்த்தேன். அதை வெட்டியவன் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டான்.

மனம் அதன் மேல் விழுந்தது உண்மை. ஆனால் அது எந்த வீட்டில் இருந்து வந்தது, எந்தப் பகுதி முதலியாருடையது என்பதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியும், எழுதியும் வைத்திருக்கிறார். இந்த மண்ணின் நிருவாகச் சரித்திரத்தில் ஒரு பக்கம் அது. அப்படிப்பட்டதை என் பட்டறை மேசை லாச்சிக்குள் பூட்டி வைக்க எனக்கு உரிமை இல்லை. “இதை ஆருக்கும் விக்க வேண்டாம் சேர்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத்தான் தானும் யோசித்ததாகச் சொன்னார். வெள்ளி விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்களாம். உருக்குவதற்கு. இப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் தயவு செய்து நிறைக்கு விற்காதீர்கள். அந்த வெள்ளியின் விலை, அந்தச் சிங்கத்தின் கன்னத்துக்குக்கூடக் காணாது.

ஆகப் போட்டி இரண்டுக்கிடையில். விலையைப் பார்த்தால் வெளியுலகில் சிங்கத் தலைதான் மேலே நிற்கும். லண்டன் ஏலங்களில் விக்டோரியா காலத்துக் காலாட்படை அதிகாரி வாள் சாதாரணமாகச் சில நூறு பவுண்ஸ்தான். 1803 மாதிரி, நீலமும் பொன்னும் நன்றாக நின்றால், ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அந்த விலை நீலத்துக்கும் பொன்னுக்கும் கொடுக்கிற விலை. இங்கே நீலம் அரை விரல், பொன் 1974இன் பொன். அழகுக்கு மட்டும், விருந்தினர் வந்தால் காட்டச் சுவரில் மாட்டத்தான் ஒருவருக்கு வேண்டும் என்றால், அப்போதும் சிங்கத் தலையைத்தான் சொல்வேன். அதில் பிழை ஒன்றும் இல்லை, அது இன்னமும் வடிவான பொருள். வாசிக்க வேண்டும், அதில் இருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறவர்களுக்குக் கோதிக் பிடி. வேலைப்பாடு என்பது செய்தவனின் கையும் வாங்கியவனின் பெயரும் காலத்தின் வழக்கமும் ஒன்றாகக் கிடக்கும் ஒரு பத்திரம். அதில் பிறகு யாரும் எழுதாமல் இருந்தால்தான் அது பத்திரம்.

இன்னொன்றும் இருக்கிறது. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களை அது தொல்பொருள் என்று கொள்கிறது. அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். ருங்கல் பெயர் உள்ள அலகு அந்தத் திகதிக்கு முந்தியது. நாளைக்கு என் பிள்ளை வெளிநாடு போனாலும் அதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போக முடியாது. கோதிக் பிடி அந்தத் திகதிக்குப் பிந்தியது. வாங்கும்போதே இந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு விமான நிலையத்தில் நின்று அழுவதில் பலன் இல்லை.

புதுப் பிரதிகளைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் செய்து வரும் அலங்கார வாள்களைப் பழையது என்று சொல்லி விற்கிறார்கள். அலகின் கோலம் எல்லா இடத்திலும் ஒரே ஆழம், ஒரே வெண்மை என்றால் தள்ளி வையுங்கள். கைக்காவலின் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். பழைய வேலையில் துளையின் உள்விளிம்பையும் அரத்தால் ஒழுங்கு செய்திருப்பார்கள், புதியதில் வார்ப்பின் பிசிறு விரலில் குத்தும். 1897 மாதிரி உருக்குக் கைக்காவல் வாள்களில் நிறைய இப்போது குரோமியம் பூசி வருகின்றன. பூச்சுக்குக் கீழே என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

நான் கோதிக் பிடியை எடுத்தேன்.

அதை வீட்டுக்குக் கொண்டு வருவதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு வாள் என்று சொன்னாலே ஆட்களுக்கு வாள்வெட்டுத்தான் ஞாபகம் வரும், அதில் அவர்களைப் பிழை சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் சீலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தால் முதலாவது சந்தியிலேயே மறிப்பார்கள். முதல் நாளே படமும் விபரமும் எழுதி, மாஸ்டரின் கையொப்பத்தோடு பொலிஸ் நிலையத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, பலகைப் பெட்டிக்குள் வைத்து ஓட்டோவில் கொண்டு வந்தேன். நீங்கள் வாங்கினாலும் கடிதத்தை முதலில் எழுதுங்கள், வாளைப் பிறகு தூக்குங்கள்.

இப்போது அது பட்டறையில் இருக்கிறது. மீதிக் கிரீசையும் மண்ணெண்ணெயில் ஒற்றி எடுத்துவிட்டேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நுனிக் கறளை மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மட்டும் தட்டி எடுத்தேன். கறுத்த தழும்பு அப்படியே இருக்கட்டும். மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறேன். பட்டறைப் பெடியன் பழக்கத்தில் புளியை எடுத்துக்கொண்டு பித்தளைக்கு வந்தான், அங்கேயே நிறுத்தினேன். புளியும் திருநீறும் குத்துவிளக்குக்கு நல்லது, பாதரசத்தில் பூசிய பொன் முலாமுக்கு எமன். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகிப் பூச்சியையும் தூசியையும் பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் போதும். உப்புக் காற்று அடிக்கிற ஊர் என்பதால் மாதம் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். தோல் உறை உள்ள வாள் வைத்திருப்பவர்கள் அலகை உறைக்குள் விட்டு வைக்காதீர்கள், தோலைப் பதனிட்ட சரக்கே உருக்கைத் தின்னும். அறுந்த கம்பியைப் புதிதாகச் சுற்ற என் கைக்கு ஒரு மணித்தியாலம் போதும். சுற்றவில்லை. பழைய கம்பியின் நுனியைப் பருத்தி நூலால் கட்டி, மேலும் அவிழாமல் நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சிங்கத் தலை வாளும் முதலியார் வாளோடு சேர்ந்து அருங்காட்சியகத்துக்குப் போகிறது. மாஸ்டர் அதற்கு விபரம் எழுதும்போது என்னைக் கூப்பிட்டார். 1803 மாதிரி, இலகு கம்பனி, சோலிங்கன் அலகு, திருக்கைத் தோல் பிடி என்று தன் வடிவான கையெழுத்தில் எழுதிவிட்டு, “வேறை ஏதும் சேர்க்க வேணுமா?” என்று பேனையை என்னிடம் தந்தார். நான் அதன் கீழே எழுதினேன்: “கைக்காவலுக்கும் குமிழுக்கும் 1974இல் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் மின்முலாம் இடப்பட்டது. சிங்கத்தின் பிடரிக் கோடுகள் அப்போது மீண்டும் வெட்டப்பட்டவை. வெட்டியவர் இடக்கைக்காரர்.”